முதல் கல்யாண ஆர்டர்

இன்று என் முதல் கல்யாண ஆர்டர் பேச வாலாஜாபாத் போனேன். கல்யாண ஏற்பாடு, அலங்காரத்துக்கென்று நான் நடத்தும் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துவிட்டு மணப்பெண்ணே கூப்பிட்டிருந்தாள்.

பெண் அழைப்பிலிருந்து தாம்பூலப் பை வரை பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் சாயம் போட்ட பட்டு நூலைச் சரம்சரமாகத் தொங்கவிடும் யோசனை அவள் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பூவே வேணாம்போல இருக்குதும்மா!" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா, "காஞ்சிபுரத்துல நீ எந்தத் தெரும்மா?" என்றார்.

சொன்னேன்.

"அது காலனி பக்கமாச்சே?"

"ஆமா சார். காலனிதான்."

அம்மா நான் எழுதிய பக்கங்களைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்மா" என்றார் அப்பா. வீட்டில் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் ஏறியதும் மணப்பெண்ணிடமிருந்து மெசேஜ்.

"சாரிக்கா. அப்பா வேற ஆளைப் பாத்துக்கினு இருக்காரு. அந்த நூல் டெக்கரேஷன் மட்டும் எப்படி செய்றதுன்னு அனுப்புறீங்களா? அம்மா கேக்குறாங்க."

ஊர் வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை தெரியும். ஆனால் இந்த வேலை எனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்று போய்விட்டது.

கஸ்டமரைக் காத்திருக்க வைக்கக் கூடாதாம். என்ன பதில் போடட்டும், சொல்லுங்கள்.