பக்கத்துச் சீட்டுக்கு ஓர் ஆள்

தேயிலைத் தோட்டத்து டாக்டரென்றால் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது என்று நினைப்பீர்கள். வருவார்கள்தான். இருமலைப் பற்றிப் பேசிவிட்டு மருந்தோடு போய்விடுவார்கள். துரைமாருக்கு நான் யாழ்ப்பாணத்தான், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிச் சனத்துக்கு ஐயா. மீதி நேரத்துக்கு ஒரு ரேடியோவும், சீமைக்குத் திரும்பிய துரையொருவரிடம் வாங்கிய இரண்டு சீட் திறந்த காரும் இருந்தன.

பதுளையில் துரைமார் ஒரு கார்ப்போட்டி வைத்தார்கள். மைதானத்தில் நட்ட கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டி, சீக்கிரம் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். ஆளுக்கு இரண்டு சுற்று, அதில் நல்லதுதான் கணக்கு. நான் சேர்ந்த பிரிவில் கார் கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், எதையும் மாற்றக்கூடாது. கோப்பை எனக்குப் பெரிதில்லை. வென்றவனைச் சூழ்ந்து, 'அந்த வளைவை எப்படி எடுத்தாய்?' என்று நாலுபேர் கேட்பார்களே, அந்த நாலுபேர்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து வைத்துப் பழகினேன். மாற்றத்தானே கூடாது, சீர்படுத்தலாமே. பிளக்குகளைத் துடைத்தேன், பிரேக்கைச் சரிசெய்தேன். டயர் ஓரத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, வளைவில் அது எவ்வளவு அழிகிறதென்று பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைத்தேன். நேரம் பார்க்க ஆளில்லை. ஒரு கையில் கடிகாரம், மறுகையில் ஸ்டியரிங். கியர் மாற்றக் கை மிஞ்சாததால் கூடைகள் பல நசுங்கின. பெண்கள் கங்காணியிடம் முறையிட்டதாகக் கேள்வி. கடைசியில் கார், என் உடம்புக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல ஆனது.

போட்டியன்று காரைச் சோதித்த துரை எல்லாம் சரியென்றார். பக்கத்தில் உட்காரும் ஆள் எங்கே என்றும் கேட்டார். ஆளில்லாமல் ஓட்டக்கூடாதாம். மற்றவர்களுக்கு மனைவி இருந்தாள், சிநேகிதன் இருந்தான். என் பக்கத்தில் வழக்கமாக உட்காருவது மருந்துப் பெட்டி.

வாசலில் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தவரைக் கெஞ்சினேன். ஹல்துமுல்லைக்காரர், நல்ல கனம்.

"மெதுவாத்தானே போவீங்க?"

"நடக்கிற வேகந்தான்" என்று கூசாமல் சொன்னேன்.

முதல் சுற்றில் அவர் பாரத்துக்குக் கார் இடப்பக்கம் சாய்ந்து, கொடிகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தது. அவர் கதவைப் பிடித்தபடி கதிர்காமத்தானைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டாவது சுற்று மிச்சமிருந்தது. அதில் ஒழுங்காக ஓட்டினால் இன்னும் வெல்லலாம். புறப்பட்டதும், பயம் தெளியவோ என்னவோ, அவர் பேச ஆரம்பித்தார். மகளை மொனராகலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகன் ஒரு எருமை வாங்கினாராம்.

"அது பொழுது சாஞ்சா பழைய சொந்தக்காரன் வீட்டுக்கே போயிருதுங்க ஐயா. இவரும் பின்னாடியே போறாரு. அங்கேயே சாப்பாடும் போட்டுர்றாங்க."

"பிறகு?" என்றேன்.

நோய் இல்லாத ஒரு சங்கதியை யாரும் என்னிடம் சொல்லி எத்தனை காலம்! என்னையறியாமல் கால் பிரேக்குக்குப் போனது. கார் பழுதென்று நினைத்து இரண்டு பேர் தள்ளிவிட ஓடி வந்தார்கள். கையசைத்து அனுப்பினேன். கோடு வந்தபோது எருமை இன்னும் அடுத்தவன் முற்றத்தில்தான் நின்றது. கோட்டில் நிறுத்தாமல் காரை மறுபடியும் முதல் கொடிப்பக்கம் திருப்பினேன். பின்னால் நடுவர்கள் கத்தினார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.