கலைத்து அடுக்கிய தகடுகள்

தகடுக்காரர் தன் தம்பிக்குத் தொண்ணூறு நாள் கூலி பாக்கி வைத்திருந்தார். பதினோரு வருஷமாக.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும், துகள்களை வட்டமாக ஓடவிட்டு ஆராயும் பெரிய கூடத்துக்கு மின்காந்தம் செய்தது அவர் பட்டறைதான். தகடுகளை அடுக்கி இறுக்கிச் செம்புச் சுருள் மாட்டினால் காந்தம். அடுக்கு மயிரிழை பிசகினாலும் அவர் விரல் கண்டுபிடிக்கும். படித்தவர்களின் கருவிக்கு அரை நாள் வேண்டும்.

அந்த விரலுக்கும் தெரியாத ஒன்று தம்பிக்குத் தெரிந்திருந்தது.

"தகடு வர்ற ஒவ்வொரு பெட்டி இரும்பும் ஒவ்வொரு குணம், அண்ணே. எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு எடுத்துக் கலைச்சு அடுக்கினாத்தான் காந்தமெல்லாம் ஒண்ணுபோல இழுக்கும்."

"இது பட்டறையா, சீட்டாட்டக் கிளப்பா?"

தம்பி கலைத்துக் கலைத்துப் பன்னிரண்டு காந்தம் முடிப்பதற்குள் அண்ணன் முப்பது முடித்துவிட்டார். "சீட்டாடினதுக்கு ஏதுடா கூலி?" என்று பணத்தையும் நிறுத்திவிட்டார். தம்பி கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான்.

மறுமாதம் கூடத்து எஞ்சினியரம்மா அளந்து பார்த்துவிட்டு வந்தார். "பன்னெண்டு மட்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, ஐயா. மத்தது ஆளுக்கொரு பக்கம். இப்படியே மாட்டினா துகள் கற்றை தள்ளாடிக் குழாய்ச் சுவர்ல முட்டும். அந்தப் பன்னெண்டு யாரு கை?"

"என் கைதான்," என்று வாய் முந்திக்கொண்டது.

முப்பதையும் பிரித்து, தம்பி சொன்னபடியே கலைத்துத் தன் செலவில் அடுக்கிக் கொடுத்தார். கற்றை கோடு போட்டதுபோல ஓடியது. பேரும் வந்தது. ஆனால் தம்பி உட்கார்ந்த எதிர் முக்காலி காலி. அடுக்கிக்கொண்டே, "சரியாடா?" என்று கேட்டுவிடுவார். பதில் வராது. அன்றைக்கெல்லாம் வேலை ஓடாது.

மனைவியிடம் இருமுறை கூலியைக் கொடுத்தனுப்பினார். இருமுறையும் திரும்பி வந்தது. "யாரு வேலைன்னு முதல்ல அவரு வாயால வரட்டும், அண்ணி."

இந்த வாரம் கூடத்தில் இரண்டாவது வட்டம் போடப் பேச்சு. "அதே கை வேணும், ஐயா," என்றார் எஞ்சினியரம்மா.

தகடுக்காரர் சுற்றி நின்ற பத்துப் பேரையும் ஒருமுறை பார்த்தார். "அது என் தம்பி கை."

நேரே தம்பி வேலைபார்க்கும் கடைசல் பட்டறைக்குப் போனார்.

"பெரிய மனுஷருக்குச் சந்துக்குள்ள வழி தெரிஞ்சுதா?"

"சொல்லிட்டேன்டா. எஞ்சினியரம்மாகிட்ட. பத்துப் பேர் முன்னாடி."

எந்திரம் நின்றது. "நம்பினாங்களா?"

"அவங்களுக்கு அன்னைக்கே சந்தேகமாம். அவ்வளவு பொறுமையா அடுக்கின ஆளு இவ்வளவு வாய் பேச மாட்டானாம்."

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்து நீட்டினான்.

நாளுக்கு ஒரு நோட்டு. நாற்பத்தொன்றில் தகடுக்காரருக்குக் கணக்குத் தப்பியது.

"முதல்லேருந்து எண்ணு," என்றான் தம்பி, கையை மடக்காமல்.

முதலிலிருந்து எண்ணினார். அவசரப்படவில்லை. தொண்ணூறாவது நோட்டு விழும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.