லிஃப்டுக்குள் வந்த கருகல் வாடை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரோடு மணிக்கணக்கில் பேசுவான். மனிதர்களைக் கண்டால் வாய்க்குப் பூட்டு. வீட்டில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது நான்தான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மாதா மாதம் அவன் சர்வீஸ் பார்க்கும் கட்டடத்தில், மூன்றாவது மாடி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு வருடத்துக்கு மேலாக அவளிடம் அவன் பேசியதெல்லாம் தலைவலி மாத்திரை கேட்டதுதான். தலைவலியே வராதவனுடைய அலமாரியில் ஒரு டப்பா நிறைய மாத்திரை. இப்போது அவளை வேறு கிளைக்கு மாற்றுகிறார்களாம், அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது பேசாவிட்டால் பிறகு பார்க்கவே முடியாது. சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனைக் கிண்டிக் கிளறித்தான் இவ்வளவையும் வாங்கினேன்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு சென்ட் வாங்கி வந்திருந்தார். கறுப்பு பாட்டில், ஆம்பளைகளுக்கென்றே செய்ததாம். அதை அடித்துக்கொண்டால் புதுக் காருக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கார் எங்கே என்று நான் கேட்கவில்லை, பாவம். அப்பா அதை வாங்கிக் கழுத்தில் தேய்த்துக்கொண்டு, மிளகு வாசம், மூக்கடைப்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த வாடை. தம்பியும் கொஞ்சம் அடித்துக்கொண்டு, சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தான்.

"கூட ஒரு ஆள் தைரியமா நிக்கற மாதிரி இருக்குக்கா."

வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். பாட்டில் தம்பி கைக்குப் போய்விட்டது.

சர்வீஸ் நாளன்று ஒரு ஆள் போதாதென்று நினைத்தானோ என்னவோ, ஒரு பட்டாளமே கூட நிற்கிற அளவுக்கு அடித்துக்கொண்டு கிளம்பினான்.

லிஃப்ட் என்பது மூடிய பெட்டி. உள்ளே போனது லேசில் வெளியே போகாது. இவன் அதற்குள் நின்று பட்டன்களைச் சோதித்துவிட்டு வெளியே வந்ததும், மேல் மாடி அம்மா ஒருவர் ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கி, ஏதோ ஒயர் கருகுகிறது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார். கருகல் வாடை என்று யாராவது சொல்லிவிட்டால் லிஃப்டை நிறுத்தியே ஆகவேண்டும், அவர்கள் வேலை அப்படி. இவனும் மெயினை அணைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தான். காலையிலிருந்து அந்த வாசத்திலேயே இருந்ததில் இவன் மூக்கு மரத்துப்போயிருந்தது. கூடவே வந்த வாட்ச்மேனுக்கோ போன இடமெல்லாம் வாடை. மொட்டை மாடி மோட்டார் அறையிலும் அடிக்கிறது, கீழே லிஃப்ட் இறங்கும் பள்ளத்திலும் அடிக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, கட்டடம் முழுக்க ஒயர் எரிகிறது என்றே முடிவு கட்டிவிட்டான் என் தம்பி. மாடி மாடியாகப் போய் ஸ்விட்ச் பெட்டிகளைக் கழற்றினான். மத்தியானம் ஆகிவிட்டது. படியேறிப் போனவர்கள் எல்லாரும் அவனை வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது மாடியில் திருப்புளியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். என்ன கோளாறு என்று கேட்டாள். கருகல் வாடை என்றான். அவள் லிஃப்ட் கதவருகே போய் முகர்ந்தாள். திரும்பி வந்து அவன் பக்கம் குனிந்தாள்.

"லிஃப்டுக்கு ஒண்ணுமில்லைங்க. வாசம் உங்ககிட்ட இருந்துதான் வருது."

எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்ததாம். வேறு நாளாயிருந்தால் பெட்டியை மூடிக்கொண்டு ஓடியே வந்திருப்பான். அன்றைக்கு ஓடினால் அதோடு போச்சு என்பது அவனுக்குத் தெரியும்.

"உங்ககிட்ட பேசணும்னுதான் அடிச்சுட்டு வந்தேன்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. தலைவலி மாத்திரை வாங்குகிறவர்தானே என்று கேட்டாள். பிறகு, புதிதாகச் சீவிய பென்சில் வாசம் மாதிரி இருக்கிறது, தனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்றாள். நாளையிலிருந்து வேலை பார்க்கப்போகும் கடை எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் என்பதையும் தானாகவே சொன்னாள். நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாதே என்றான். கேட்டுக்கொண்டிருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"மருந்து வாங்க வர்றதுக்கு லிஃப்ட் எதுக்குங்க? வரும்போது இதுல பாதி அடிச்சுட்டு வாங்க, போதும்," என்றாளாம்.

அன்று சாயங்காலம் கைகால்கூடக் கழுவாமல் அடுப்படியில் நின்று இதைச் சொல்லி முடித்தான். சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்காமலேயே, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.