மலிவு விலையில் போன தாளம்

மாதவிக்கு மலேசியாவில், ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. மீதி நேரத்தில் கைப்பேசிச் செயலி எழுதுவாள். அவள் அண்ணன் மகேந்திரன் கெர்லிங் பக்கம் எங்கள் உறுமி மேளக் குழுவின் தலைவன். நான் அந்தக் குழுவில் தவில் அடிப்பவன். அவன் வாசித்த தாளங்களைப் பதிவு செய்து, பழகுகிறவர்களுக்காக ஒரு செயலி செய்தாள். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

எங்கள் பக்கம் சாமி இறங்கும் நேரத்துக்கென்று ஒவ்வொரு குழுவுக்கும் தனித் தாளம் உண்டு. இன்னொரு குழு அதை ஊர்வலத்தில் வாசிக்க வேண்டுமானால் வெற்றிலைத் தட்டோடு வந்து கேட்க வேண்டும். எங்களுடையதும் செயலியில் இருந்தது; வாங்கியவர்கள் கேட்டுவிட்டுத்தான் வாசித்தார்கள்.

அப்போதுதான் ஒரு நிறுவனம் மாதவியைப் பிடித்தது. பத்து இசைச் செயலிகளைச் சேர்த்து ஒன்றின் விலைக்கு விற்பார்களாம்.

"பங்கு கொஞ்சந்தான் வரும்ண்ணே. ஆனா பேரு பரவும்லா," என்றாள். மகேந்திரன் சரியென்றான். தங்கச்சி பேர் பரவினால் அவனுக்குப் போதும். தெரியாதவர்கள் கேட்காமல் வாசிப்பார்களே என்று எனக்குப் பட்டது. என்னை யார் கேட்டார்கள்?

பேர் பரவத்தான் செய்தது. அம்மன் திருவிழாவில் உலு யாமிலிருந்து வந்த குழு எங்களுக்கு முன்னால் எங்கள் தாளத்தையே அடித்துக்கொண்டு நுழைந்தது. மகேந்திரன் அவர்களுடைய உறுமிக்காரனின் சட்டையைப் பிடித்தான்.

"யாரக் கேட்டுடா வாசிக்கிற?"

"யாரக் கேக்கணும்? வேற ஆப்புக்குத்தான் காசு குடுத்தோம். இது சும்மா கூட வந்துச்சுலா."

அந்தச் 'சும்மா'தான் அவனைக் கொளுத்தியது. முதலில் கை நீட்டியவன் மகேந்திரன்தான், மறைக்க மாட்டேன். உறுமிக்காரனின் மூக்கு உடைந்து மேளத்தின் தோலெல்லாம் ரத்தம். அதற்குள் நாலு பேர் மகேந்திரனைத் தரையில் சாய்த்து, கூடாரத்து இரும்புக் குழாயால் அவன் வலது கையை அடித்தார்கள். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. நான் ஒருவனைக் கீழே தள்ளி மிதித்தேன்; போலீஸ் வந்து இழுக்கும்வரை மிதித்தேன். சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் விட்டதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கை விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர். மாதவி என்னோடு வெளியே வந்து ஸ்பீக்கரில் நிறுவனத்தைக் கூப்பிட்டு, செயலியை எடுத்துவிடச் சொன்னாள்.

"சண்டை வீடியோவுக்கு அப்புறம் உங்க ஆப்புக்காகத்தான் எல்லாரும் வாங்குறாங்க மேடம்," என்றாள் அந்தப் பக்கம் பேசியவள். "ஒப்பந்தம் முடியிற வரைக்கும் எடுக்க முடியாது."

உள்ளே போனதும் மகேந்திரன், "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"நல்லா விக்குதாம்ண்ணே."

"அப்ப உனக்கு நல்லதுதானே?"

அவன் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். மாதவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.