மூன்றே முக்கால் கிலோ மகிழ்ச்சி

என் மனைவி சுமதி மூச்சுவிட முடியாமல் வீங்கிக்கொண்டிருந்த நான்கு நாட்களும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். டப்ளினில் இத்தனை வருடமாகியும் எனக்கு ஒன்று பழகவில்லை. இங்கே யாரும் அடுத்தவர் உடம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஊருக்குப் போய் மூன்று வாரம் தின்று திரும்பினாலும் வானிலையைத்தான் விசாரிப்பார்கள். சேந்தமங்கலத்தில் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "ஏனுங்க, பாதியாப் போயிட்டீங்க?" எங்கள் பக்கத்தில் எடை கூடினால் கொண்டாட்டம், குறைந்தால் துக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் குழந்தைக்காக விடுப்பெடுத்துச் சேலம் போனோம். ஊசிகள் போட்டு, கருமுட்டைகளை எடுத்து, ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைக்கலாம் என்று சேந்தமங்கலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். "தினமும் எடை பாருங்க, மடமடன்னு கூடுனா ஃபோன் பண்ணுங்க" என்றார் நர்ஸ். அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன் நான். நர்ஸ் சொன்னதில் இரண்டாம் பாதியைக் காதில் வாங்கவில்லை. கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை வேறு. வாராவாரம் குஞ்சுகளை நிறுத்து, எடை கூடினால் அப்பா முகம் மலர்வதைப் பார்த்து வளர்ந்தவன். தீவன மூட்டை நிறுக்கும் தராசில் சுமதியைத் தினமும் ஏற்றினேன். "ஏனுங்க, பாவாடை நாடா பத்தலீங்க" என்றாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் ஏஞ்சாமி ஆளாட்டம் இருக்கற. அந்த ஊர்ல ரொட்டியத் தின்னு எலும்பாக் கெடந்த." "ஊட்டுச் சாப்பாடுன்னா சும்மாவா?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் காலை அவளால் படுக்க முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. சிறுநீரும் சரியாகப் போகவில்லை. மருத்துவமனையை அழைத்தேன். "எவ்வளவு கூடிருக்குதுங்க?" என்றார் நர்ஸ். "மூணே முக்கால் கிலோங்க" என்றேன், பரிசு வாங்க மேடையேறியவனைப் போல. நர்ஸ் என்னை மேலே பேசவிடவில்லை. "ஒடனே கூட்டிட்டு வாங்க."

சேலம் போகும் வழியில் ராசிபுரம் தாண்டும்போது சுமதி என் கையை இறுகப் பிடித்தாள். ஊசி மருந்துக்குச் சூலகம் அளவுமீறி வீங்கிவிட்டது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது, இரத்தம் கெட்டியாகிறது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டரம்மா. நான் கொண்டாடியது அத்தனையும் தண்ணீர். இப்போது கரு தங்கினால் இன்னும் மோசமாகும் என்று, வளர்ந்த மூன்று கருக்களையும் பிறகு வைப்பதற்காக உறையவைத்துவிட்டார்கள். வயிற்று நீரை ஊசி வழியாக இறக்கினார்கள். எட்டு நாள் படுக்கை. எடை இறங்க இறங்க எனக்கு உயிர் வந்தது. பார்க்க வந்த அம்மாதான் "இப்புடி எளச்சுட்டியே சாமி" என்று அழுதார்.

சுமதி தேறினாள். நாங்கள் டப்ளின் திரும்பிவிட்டோம், உறைந்த கருக்கள் மூன்றும் சேலத்தில். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்மணி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "மூன்று, இந்தியாவில்" என்று வாயில் வந்துவிட்டது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். "மருத்துவமனையில்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. மறுநாள் என் மேசையில் ஒரு அட்டை: மூவருக்காகவும் தேவாலயத்தில் பிரார்த்தனைக்குச் சொல்லியிருக்கிறாராம். திருத்த மனம் வரவில்லை.

அட்டையைச் சுமதியிடம் காட்டிவிட்டு, கொஞ்சம் கவித்துவமாகவே சொன்னேன்: "நாம இந்தக் குளுருல. நம்முளுதுக அந்த வெயிலூர்ல, இதவிடப் பெரிய குளுருல. நமக்கு எதுதான் ஊரு?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"டாக்டரம்மா வரச்சொல்லி ஒரு வருசமாச்சுங்க. எனக்கொண்ணும் பயமில்ல, உங்களுக்குத்தான். மொதல்ல லீவு கேளுங்க."