நாற்பத்தொரு சீட்டு மெத்தைகள்

பஸ் பணிமனைக்கு எதிரே, ரெக்சின் சுருள்கள் சாய்த்து வைத்த சின்னக் கடை அவளுடையது. டிரைவர்கள் அவளை மெத்தையக்கா என்பார்கள். சோபா கடையில் கூலிக்குத் தைக்கப் போனவள், பதினாறு வருடத்தில் சொந்தத் தையல் இயந்திரம் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆள் கடைக்குள் நடந்து வருவதைப் பார்த்தே, வலி எந்தப் பக்கத்து இடுப்பில் என்று சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம்.

கணவரும் டிரைவர். இருபது வருடம் தொலைதூர பஸ் ஓட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டவர். போன வருடம் பணிமனைக்குப் புது பஸ்கள் வந்தன. ரோட்டுக் கோட்டைத் தாண்டி வண்டி வலப்பக்கம் விலகினால் டிரைவரின் வலது தொடைக்கு அடியில் சீட்டு துடிக்கும். இடப்பக்கம் போனால் இடது தொடை. கண் அசந்தாலும் உடம்பு முழித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. டிரைவர்கள் அதற்குக் கிச்சுகிச்சு சீட்டு என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்து என்ன, உட்கார்ந்தால் கல். கணவருக்காக மூன்று அடுக்கு ஃபோம் வைத்து அவள் ஒரு மெத்தை தைத்தாள். அதில் உட்கார்ந்து போய்வந்தவர் அன்றைக்கு நிமிர்ந்து வீட்டுக்குள் நடந்தார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆறு மாதத்தில் நாற்பத்தொரு மெத்தை தைத்தாயிற்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு கணவர் ஓட்டிய பஸ் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பதினோரு விநாடி சீட்டு துடித்ததாக வண்டியின் கருவியில் பதிவாகியிருந்தது. "சத்தியமா துடிக்கவே இல்ல. ஸ்டீயரிங்தான் இழுத்துச்சு," என்றார் அவர். கருவி கோளாறு என்று முடிவானால் மறுபடி வண்டி. தூங்கினார் என்று முடிவானால் இனி ஸ்டீயரிங்கைத் தொடமுடியாது. சங்கத் தலைவர் காதைக் கடித்தார்: "துடிக்கலன்னு சொன்னீங்கல்ல? அதுலயே நில்லுங்க."

அவள் கணவரை நம்பினாள். பணிமனை மெக்கானிக்கிடம் போய்ச் சண்டையே போட்டாள்.

"உங்க மிஷின் பொய் சொல்லுது. அதுக்கு என் வீட்டுக்காரர் பலியா?"

"நீங்களே ஏறி உக்காந்து பாருங்கக்கா," என்றார் மெக்கானிக் சலிப்போடு, பணிமனைக்கு இழுத்து வந்திருந்த அதே பஸ்ஸைக் காட்டி.

உட்கார்ந்தாள். அவர் சீட்டைத் துடிக்கவைக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சீட்டுக்கு நாற்பத்தொரு மெத்தை தைத்தவள், ஒருநாளாவது அதில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை. இறங்கி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

விபத்தன்று சாப்பாட்டுப் பையோடு கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்த மெத்தை மூலையில் கிடந்தது. தன் போனைத் துடிப்பில் வைத்து மர நாற்காலியில் போட்டாள். அதன்மேல் மெத்தையைப் போட்டு உட்கார்ந்து, கணவருடைய போனிலிருந்து தனக்கே அழைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் அழைத்தாள். மூன்றாவது தடவை நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன பண்றே?"

"இப்படி வந்து உக்காருங்க." உட்கார்ந்தார். மறுபடி அழைத்தாள். "ஏதாவது தெரியுதா?"

"இல்லையே."

அடியில் கைவிட்டுப் போனை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவர் அழைப்பைத் துண்டித்தார்.

"திங்கக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் இதப்பத்தி மூச்சு விடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மீதி நாப்பது பேரும் இதுலதாங்க உக்காந்து ஓட்டுறாங்க."

"அவங்க என்ன, என்னை மாதிரி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அவள் மெத்தையைப் பையில் திணித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவர் குறுக்கே வந்து நின்றார். பிடுங்கி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தாள். "குடு, நானே எடுத்துட்டு வரேன்," என்று வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

விசாரணை அதிகாரி பணிமனை முற்றத்தில் நின்ற அந்த பஸ்ஸில் ஏறி, சீட்டில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார்.

"ம், அழுத்துப்பா."

"ரெண்டு தடவை அழுத்திட்டேன் சார்," என்றார் மெக்கானிக்.

சங்கத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி கீழே இறங்கி அவள் கணவரைப் பார்த்தார். "சரி, துடிச்சது தெரியல. ரோடுமா தெரியல?"

"தூங்கிட்டேன் சார். பொய் சொல்லிட்டேன்." சீட்டில் கிடந்த மெத்தையைக் காட்டினார். "இத்தனை வருஷமா முதுகு வலிதான் என்னை முழிக்க வச்சுது. இவ தைச்சதுல உக்காந்தா வலியே இல்ல சார்."

அவள் வேலையை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அத்தனை பேர் முன்னாலும் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவரை வண்டியிலிருந்து எடுத்து டயர் கிடங்குக்கு மாற்றினார்கள். மெத்தை கூடாது என்ற சுற்றறிக்கை வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் அவளுக்குத் தாங்காது. மறுநாள் விடிந்ததும் பணிமனை வாசலில் போய் நின்று, அங்கேயே ஆள் ஏற்றிக்கொண்டு வெளியே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் கையைக் காட்டி நிறுத்தினாள். பலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். மூத்த டிரைவர் ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"தூங்கினது உன் புருஷன். என் முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்களே, அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

முன்வரிசைப் பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மெத்தையை உருவி அவள் காலடியில் வீசிவிட்டுப் போனார். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாலைக்குள் முப்பத்தேழு வந்து சேர்ந்தன. மீதி மூன்றும் எந்தெந்த பஸ்ஸில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். இந்த நேரத்தில் அவை எந்தெந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும். கடையைத் திறக்காமல் பணிமனை வாசலிலேயே நின்றாள்.