நான் தப்புப் போட்ட சரியான கணக்கு

மோகனூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் ஒரே அறைதான். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் அங்கே ஐந்தாம் வகுப்பு படித்தேன். அவர் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விடை வந்துவிடும். சிலேட்டில் கிறுக்கிக் கவிழ்த்துவிட்டு, ஓட்டின் மேல் ஓடும் அணிலை வேடிக்கை பார்ப்பேன். கிறுக்கியதில் பாதி தப்பாக இருக்கும். படி என்று எழுத வேண்டிய இடத்தில் வள்ளம் என்று எழுதியிருப்பேன். வள்ளத்துக்கு நான்கு படி என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வாத்தியார் அடித்துப் பார்த்தார். பத்துத் தடவை எழுதச் சொன்னார். பத்துத் தடவையும் தப்பாகவே எழுதிக் கொடுத்தேன். இந்தப் பெண்ணுக்குத் திமிர் என்று வீட்டில் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. ஒரு நாள் அவர் பிரம்பைக் கீழே வைத்தார்.

"உனக்கு இந்தக் கணக்கெல்லாம் பத்தல. இனி மூணாங்கிளாசுக்கு நீயே கணக்குக் குடு, நீயே திருத்து" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள், "நான்கு வள்ளம் கம்பு இருக்கிறது. ஆளுக்கு மூன்று படி. எத்தனை பேருக்கு வரும்?" என்று பலகையில் எழுதினேன். என் மனதில் இருந்தது நான்கு வள்ளம் இரண்டு படி. விடை ஆறு.

ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். அவள் வீட்டில் பள்ளிக்கூடம் வந்த முதல் ஆள். ஐந்து பேருக்கு வரும், ஒரு படி மிச்சம் என்று எழுதியிருந்தாள். படித்துக்கூடப் பார்க்காமல் பெரிதாகத் தப்புப் போட்டேன். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பாவாடையால் சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மாதான் வந்தாள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையாம், அவளே சொல்லிவிட்டாளாம், இனி ஆட்டோடு போகட்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டு, பலகையில் அழிக்காமல் கிடந்த அந்தக் கணக்கைப் போடச் சொன்னார். போட்டேன். ஐந்து வந்தது, ஒரு படி மிஞ்சியது. அடிப்பார் என்று கையை நீட்டினேன். அவர் அடிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். தனியாக.

அடியே தேவலை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா பட்டியில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

"தப்பு என்னுதுங்க. உங்க புள்ள சரியாத்தான் போட்டா. நாந்தான் பாக்காம தப்புன்னு அடிச்சுப்போட்டேன்" என்றேன்.

அம்மா தழையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப இவளுக்குப் படிப்பு வருமா சாமி?"

"என்னையவிட நல்லா வருமுங்க."

அதைச் சொல்ல எனக்கு வலித்தது. ஆனால் உண்மை அதுதான்.

வாத்தியார் அன்று என்கூட வந்திருந்தால் பாதிப் பழியை அவரே வாங்கிக்கொண்டிருப்பார். வராமல் இருந்ததற்கு இன்றும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் பட்டிருப்பது அதைவிடப் பெரிய கடன். மறுநாள் காலையில் வந்துவிட்டாள். நான் பலகையில் கணக்கை எழுதி முடித்ததும், மற்றவர்கள் பலப்பத்தை எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை. எழுந்து நின்று, "அக்கா, எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான் திரும்பி, என் வாழ்நாளில் முதல் தடவையாக, எழுதியதைப் படித்துப் பார்த்தேன்.